நீ தமிழில் சொன்ன தீர்ப்பு

இன்று பிற்பகல் பள்ளி மண்டபத்தில் கரண்ட் போனது. மேலே சுழன்றுகொண்டிருந்த மின்விசிறிகள் ஒவ்வொன்றாகத் தளர்ந்து நின்றன. உயர்தர வகுப்புகளுக்கான விவாதப் போட்டி நடந்துகொண்டிருந்தது. நான் நடுவர். ஒலிவாங்கியும் அணைந்துவிட்டதால், மேடையில் நின்ற மாணவி பாதி வாக்கியத்தில் நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள். "மரண தண்டனை குற்றங்களைக் குறைக்கும்" என்பது தலைப்பு. பிள்ளைகள் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை. மின்விசிறிகள் நின்ற பிறகு ஒரு பெரிய அறையில் வரும் அமைதியை முன்பு ஒரு தடவை கேட்டிருக்கிறேன். அன்று நீ குற்றவாளிக் கூண்டுக்குப் பக்கத்தில் நின்றாய்.

நீ போய் ஒரு வருடத்துக்கு மேலாகிறது. இறந்தவர்களுக்குக் கடிதம் எழுதுகிற பழக்கத்தில் எனக்கு நம்பிக்கை இல்லை என்பது உனக்குத் தெரியும். ஆனாலும் முதலில் இருந்தே எழுதுகிறேன். நீ குறுக்கே பேசாமல் நான் சொல்லி முடிக்கப்போவது இதுதான் முதல் தடவை.

பேராதனைப் பல்கலைக்கழக விடுதியில் நமக்கு ஒரே அறை. இரண்டு பேரும் மாத்தளை என்பதால் விடுதிப் பொறுப்பாளர் அப்படிப் போட்டார். நீ நகரத்தில் ஏலமும் கிராம்பும் வாங்கி விற்கும் வாப்பாவின் மகள். நான் தோட்டத்துக் கணக்கப்பிள்ளையின் மகள். நான் பொருளியல் படித்துவிட்டு ஆசிரியையானேன். நீ மொழிகள் படித்துவிட்டு மேல் நீதிமன்றத்தில் மொழிபெயர்ப்பாளர் ஆனாய். அந்தப் பதவியைப் பழைய ஆட்கள் இன்னும் முதலியார் என்றே சொல்வார்கள். முக்காடு போட்ட முதலியார் என்று கோர்ட்டுச் சிப்பந்திகள் உன்னைக் கேலி செய்வார்கள். உனக்கு அது பிடித்திருந்தது.

பஸ் நிலையத்துக்கு எதிரே இருந்த பேக்கரியில்தான் நம் சண்டைகள் எல்லாம் நடந்தன. நீ தூக்குத் தண்டனை வேண்டும் என்ற கட்சி. நான் அதனால் குற்றம் குறையும் என்பதற்குச் சான்று இல்லை என்ற கட்சி.

"ஒன்ட புள்ளிவிவரம் ஒரு பொம்புளைட சாட்சியத்தக் கேட்டிருக்கா? நான் கேட்டிருக்கேன். கேட்டது மட்டுமில்ல, 'நான்' 'நான்'னு என்ட வாயால திருப்பிச் சொல்லியிருக்கேன்" என்றாய் ஒரு நாள்.

அது உன் தொழிலின் முறை. சாட்சி 'என் மகளை' என்றால் நீயும் சிங்களத்தில் 'என் மகளை' என்றுதான் சொல்ல வேண்டும். 'அவருடைய மகளை' என்று சொல்லக்கூடாது. ஒரே நாளில் செத்தவனின் மனைவியாகவும் கொன்றவனாகவும் பேசிவிட்டு, பின்னேரம் வந்து பனிஸ் தின்பாய்.

நான் என் பாடத்தைச் சொல்வேன். கொலை கூடுவதற்கும் குறைவதற்கும் எத்தனையோ காரணங்கள் இருக்கின்றன, அதிலிருந்து கயிற்றை மட்டும் தனியே பிரித்தெடுக்க முடியாது என்பேன். இந்த நாட்டில் தூக்கு நின்றுபோனது நாம் பிறந்த காலத்தில். அதற்குப் பிறகு ஒரு யுத்தமே நடந்து முடிந்துவிட்டது. எதை எதன் கணக்கில் எழுதுவது?

"அப்ப தடுக்காதுன்னும் சொல்ல ஏலாதே?"

"ஏலாது."

"பின்ன எதுக்குடி இவ்வளவு நேரம் பேசினே? டீ ஆறிப் போச்சு."

அந்த வழக்கு, ரத்தோட்டைக்கு மேலே ரிவர்ஸ்டன் போகும் பாதையில் இருக்கும் ஒரு தேயிலைத் தோட்டத்தில் நடந்த கொலை. அம்மன் திருவிழா முடிந்த மறுநாள், வாசலால் ஓடும் வாய்க்கால் தண்ணீரைப் பற்றி வாய்த்தகராறு. குடித்திருந்த ஒருவன், தேயிலைச் செடியைக் கவ்வாத்து வெட்டும் கத்தியால் பக்கத்து வீட்டுக்காரனை வெட்டினான். ஒரே லயத்து வரிசையில் அடுத்தடுத்த வீடுகள். வெட்டியவனுக்கு அம்மா மட்டும்தான். செத்தவனுக்கு மனைவியும் கைக்குழந்தையும் இருந்தார்கள்.

தீர்ப்பு நாளன்று எனக்குப் பள்ளி விடுமுறை. மதியம் உன்னோடு சாப்பிடலாம் என்று வந்து, பின் வரிசையில் இடம் பிடித்து உட்கார்ந்தேன். நீதிபதி எதையோ சொன்னார். மின்விளக்குகளை அணைத்தார்கள். மின்விசிறிகளை நிறுத்தினார்கள். எல்லாரும் எழுந்து நின்றோம். மரண தண்டனையை வாசிக்கும்போது அப்படிச் செய்வார்கள் என்று நீ முன்பே சொல்லியிருக்கிறாய். சொல்லிக் கேட்டது வேறு, அந்த அரை இருட்டில் நின்றது வேறு. நீதிபதி சிங்களத்தில் வாசித்தார். பிறகு நீ கூண்டைப் பார்த்துத் திரும்பி, ஏற்றமும் இறக்கமும் இல்லாத குரலில் சொன்னாய்: ஜனாதிபதி குறிக்கும் நாளில், குறிக்கும் நேரத்தில், சிறைச்சாலைச் சுவர்களுக்குள், உடலைவிட்டு உயிர் பிரியும் வரை நீ தூக்கிலிடப்படுவாய். நீதிபதி கையெழுத்துப் போட்ட பேனாவை முறித்து வைத்தார். பிறகு விளக்குகள் எரிந்தன.

நடைபாதையில் வெட்டியவனின் அம்மா உன்னை மறித்தார். அழவில்லை.

"மிஸ், பொணத்த எங்க கையில குடுப்பாங்களா?"

"அதெல்லாம் லோயர்கிட்ட கேளுங்கம்மா" என்றாய். நீதிமன்றம் சொன்னதற்கு மேல் ஒரு சொல் பேசுவதற்கு உனக்கு அனுமதி இல்லை. வழக்கறிஞர் வேறொரு வழக்குக்குப் போய்விட்டிருந்தார். உன்னையும் உள்ளே கூப்பிட்டார்கள்.

அடுத்த வருடம் அதே தோட்டத்தில், அதே திருவிழாவில், இன்னொரு கத்திச் சண்டை. இந்த முறை யாரும் சாகவில்லை. சாட்சிக்கு வந்த பெரியவர் கூண்டில் நின்று, "போன வருசம்தான் ஒருத்தன தூக்குல போட்டாங்க. அப்பவும் இவனுங்களுக்குப் புத்தி வரலைங்க" என்றார். அதை நீ சிங்களத்தில் சொன்னாய். யாரும் திருத்தவில்லை. வழக்கு தொடர்ந்து நடந்தது. வெளியே வந்ததும் பெரியவரைப் பிடித்து, உண்மையிலேயே தூக்கில் போட்டுவிட்டார்களா என்று கேட்டாய்.

"ஆமாங்க மிஸ், தூக்குல போட்டுட்டாங்கதானே. கருமாதியெல்லாம் செஞ்சாச்சு. பந்தலுக்குக் கம்பு நான்தான் வெட்டிக் குடுத்தேன்."

அந்த அம்மா பிணத்துக்காகக் காத்திருந்திருக்கிறார். வரவில்லை. சிறைக்குள்ளேயே புதைத்துவிடுவார்கள் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். பிறகு ஓர் அமாவாசை பார்த்து, அடையாள அட்டைப் படத்தைப் பெரிதாக்கி வைத்து, மகனுக்குச் செய்ய வேண்டியதைச் செய்துவிட்டார். அவன் சிறையில் உயிரோடு இருப்பது தெரிந்தவர்களும் தோட்டத்தில் இருந்திருப்பார்கள். சொல்ல அவர்களுக்கு வாய் வரவில்லை, அல்லது இப்படி முடிந்ததே நல்லது என்று விட்டிருப்பார்கள். மகனும் வெட்கத்தில் யாருக்கும் ஒரு வரி எழுதவில்லை.

அன்று மாலை நேராக என் வீட்டுக்கு வந்தாய்.

"ஒனக்கு இது நல்ல கேஸ்தானே? தூக்கிட்டாங்கன்னு ஒரு தோட்டமே நம்பிச்சு. நம்பியும் அடுத்த திருவிழாவுக்குக் கத்தி எடுத்துட்டானுங்க."

"ஒரு தோட்டத்தை வைத்து எதுவும் சொல்ல முடியாது. நம்பாமல் இருந்திருந்தால் இன்னும் ரெண்டு பேர் எடுத்திருக்கலாம்."

"ஒனக்குச் சாதகமா வந்தாலும் ஏத்துக்க மாட்டே" என்று சிரித்தாய். பிறகு சிரிப்பை விட்டுவிட்டு மற்றதைச் சொன்னாய்.

கொலை நடந்த நாள் முதல் அந்த அம்மாவும் செத்தவனின் மனைவியும் முகம் பார்க்கவில்லை. கருமாதியன்று காலையில் அந்தப் பெண் தானாகவே வந்து அடுப்படியில் உட்கார்ந்து காய் நறுக்கியிருக்கிறாள். "அவனும் போயிட்டான், இனி என்ன இருக்கு" என்றாளாம். அன்றிலிருந்து இரண்டு பேரும் ஒன்றாகத்தான் கொழுந்து பறிக்கப் போகிறார்கள். அவளுக்குச் சுகமில்லாத நாட்களில் குழந்தை அந்த அம்மாவிடம்தான் சாப்பிடுகிறது, தூங்குகிறது.

அவர்களிடம் போய் உண்மையைச் சொல்லப் போகிறேன் என்றாய். நான் விட்டுவிடு என்றேன். சான்று, உண்மை என்று வாழ்நாளெல்லாம் பேசியவள் அப்படிச் சொன்னது உனக்கு வேடிக்கையாக இருந்தது.

"உசிரோட இருக்கிற மகனுக்கு வருசா வருசம் திதி குடுக்கட்டுமா?"

"அவர்கள் ரெண்டு பேரும் நிம்மதியாக இருக்கிறார்கள். நீ பொய் சொல்லவில்லையே. கோர்ட்டு சொன்னதைத்தானே சொன்னாய்."

"அதுதான்டி. கோர்ட்டு சொன்னது சிங்களத்துல. அந்தம்மாக்கு அவன் செத்தது என்ட வாயாலதான்."

அந்த ஞாயிற்றுக்கிழமை ரத்தோட்டை வரை பஸ்ஸிலும் அதற்கு மேலே முச்சக்கர வண்டியிலும் போனோம். வண்டி குலுங்கிய குலுக்கலில் நீ திரும்பத் திரும்ப எதையோ முணுமுணுத்தாய். துஆ ஓதுகிறாய் என்று நினைத்தேன். சொல்ல வேண்டியதைச் சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தாய்.

அந்த அம்மா உன்னை உடனே அடையாளம் கண்டார். "கோர்ட்டு மிஸ்" என்று சொல்லி பாயை உதறிப் போட்டார். அடுத்த வீட்டுப் பெண் அங்கேதான் இருந்தாள், முறத்தில் அரிசி புடைத்துக்கொண்டு. குழந்தை அவள் முந்தானையைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தது. சுவரில் மகனின் படம், காய்ந்த மாலையோடு. தனியாகப் பேச வேண்டும் என்றாய்.

"அவ இருந்தா என்னாங்க மிஸ்? எங்களுக்குள்ள ஒளிக்க ஒன்னுமில்ல."

நீ என்னைப் பார்த்தாய். நான் தலையைக் குனிந்துகொண்டேன். பிறகு நீ சின்னச் சின்ன வாக்கியங்களாகச் சொன்னாய். மகன் உயிரோடு இருக்கிறார். சட்டத்தில் தூக்கு இருக்கிறது, கோர்ட்டில் அப்படித்தான் சொல்வார்கள். ஆனால் ரொம்பக் காலமாக இந்த நாட்டில் யாரையும் தூக்கவில்லை. சிறையில் வைத்திருக்கிறார்கள்.

அந்த அம்மா உன்னைப் பார்க்கவில்லை, படத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். கடைசியில், "அப்ப இவ்வளவு நாளும் அவனுக்கு ஆரு சோறு போட்டாங்க?" என்றார்.

"அங்க குடுப்பாங்கம்மா."

"சுடுசோறா?"

அதற்குள் அந்தப் பெண் முறத்தைக் கீழே வைத்துவிட்டாள்.

"நீங்கதானே சொன்னீங்க மிஸ்? எல்லாரையும் எழுப்பி நிக்க வச்சி, லைட்ட அணைச்சி, பேன நிப்பாட்டி. எம்புருசனுக்காக அரசாங்கமே எழும்பி நிக்குதுன்னு நெனச்சேன்."

"ஆமா. நான்தான் சொன்னேன்."

"அப்ப அது என்னா? நாடகமா?"

அவள் குழந்தையைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு வெளியே போனாள். அடுத்த வீட்டுக் கதவு சாத்தப்படும் சத்தம் கேட்டது. அவ்வளவு மெல்லிய சுவர். அந்தப் பக்கம் குழந்தை அழுததும் கேட்டது. அந்த அம்மா எழுந்து போகப் பார்த்து, வாசலிலேயே நின்றுவிட்டார்.

திரும்பி வரும்போது பஸ் மாத்தளைக்குக் கிட்ட வந்தபோது சொன்னாய்.

"அந்தப் பிள்ளை நாடகமான்னு கேட்டதுக்கு நான் பதில் சொல்லல."

"என்ன சொல்லியிருக்கலாம்?"

"தெரியாது. அதுக்குத்தான் தூக்கணும்னு நான் சொல்றது. தூக்கிறதில்லன்னா அப்பிடி எழும்பி நின்னு சொல்லவும் கூடாது. ரெண்டுல ஒன்னு."

முதல் பாதியை நான் அன்றும் ஏற்கவில்லை, இன்றும் ஏற்கவில்லை. இரண்டாவது பாதிக்கு என் புத்தகங்களில் பதில் தேடியிருக்கிறேன். அவை குற்றம் கூடியதா குறைந்ததா என்றுதான் கேட்கின்றன. சொல்லிவிட்டுச் செய்யாமல் விடுகிற தண்டனை, அதைக் கேட்டுக்கொண்டு நின்றவர்களை என்ன செய்கிறது என்று கேட்கவில்லை.

உயிரோடு இருப்பவனுக்குக் கருமாதி செய்துவிட்டால் அதை எப்படித் திருப்புவது என்று அந்த அம்மா பூசாரியிடம் கேட்டார். அதற்கு வழக்கம் ஒன்றும் இல்லாததால் அவர் அங்கேயே ஒன்றை உண்டாக்கினார். தாய் தன் கையால் மகன் கையில் தீனி கொடுக்க வேண்டும், அவன் அதை அவர் கண் முன்னால் தின்ன வேண்டும். நீ ஒரு மார்க்கப்பற்றுள்ள முஸ்லிம் பெண். எங்கள் பூசாரியோடு கோயில் படியில் உட்கார்ந்து, வெளிச்சாப்பாட்டைச் சிறைக்குள் விடமாட்டார்கள், அதனால் பிஸ்கட் சரிவருமா என்று பேரம் பேசினாய். சரிவரும் என்றார். சிறைக்குப் போய் அங்கேயும் காவலாளியோடு சிங்களத்தில் நீண்ட நேரம் பேசினாய். கடைசியில் சிறைக் கடையில் வாங்கிய பிஸ்கட்டில் ஒன்று மட்டும் கம்பிக்கு அந்தப் பக்கம் போனது. அவன் அதைத் தின்னும்போது நொறுங்கிய துகளைக்கூட அந்த அம்மா விடாமல் பார்த்துக்கொண்டிருந்தார் என்றாய்.

அதன்பின் நீ ஒரு காரியம் செய்ய ஆரம்பித்தாய். மரண தண்டனை வாசிக்கப்பட்ட நாளில், கோர்ட்டு கலைந்ததும், குற்றவாளியின் ஆட்களைத் தேடிப் போவாய். "இது கோர்ட்டு சொல்லு இல்ல, என்ட சொல்லு" என்று தொடங்கி, ரொம்பக் காலமாக யாரையும் தூக்கில் போடவில்லை என்பதையும், மேன்முறையீடு எப்படி, சிறையில் எப்போது பார்க்கலாம் என்பதையும் சொல்வாய். பிறகு செத்தவனின் ஆட்களிடமும் போய் அதையே சொல்வாய். மேலிடத்தில் உன்னைக் கூப்பிட்டுக் கண்டித்தார்கள். கேட்டுக்கொண்டு வந்து, அடுத்த தடவையும் அதையே செய்தாய். கட்சி மாறிவிட்டாயா என்று கேட்டால், "நான் இப்பவும் ஒன் பக்கம் இல்ல" என்பாய்.

நோய் வந்து நீ படுக்கையில் கிடந்த கடைசி நாட்களில் ஒருநாள், அந்த அம்மாவைச் சிறைக்குக் கூட்டிப் போக ஆளில்லை என்றாய். நான் போகிறேன் என்றேன்.

"ஒன்ட சிங்களம் போதாது."

"போதும்."

"காவலாளிக்குப் புள்ளிவிவரம் சொல்லாதே. பிஸ்கட்டயும் வாங்கி வச்சிடுவான்."

நீ மௌத்தான அன்று ஆண்கள் உன்னைத் தூக்கிக்கொண்டு போனார்கள். நான் பெண்களோடு வீட்டில், உன் உம்மா பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். அதற்கு அடுத்த மாதம் அந்த அம்மாவோடு சிறைக்குப் போனேன். இப்போதும் போகிறேன்.

அவனிடம் கேட்க என்னிடம் ஒரு கேள்வி இருந்தது. கத்தியை ஓங்கிய நேரத்தில் தூக்குக் கயிறு மனதில் வந்ததா? நான் கேட்காமலே ஒருநாள் அவன் சொன்னான்: "தூக்குன்னு ஒன்னு இருக்கிறது தெரியும் டீச்சர். அன்னைக்கு எனக்கு எம்பேரே தெரியல." இதையும் நான் சான்றாக எடுத்துக்கொள்ளவில்லை. உயிரோடு இருக்க விரும்புகிற ஒருவன் இப்படித்தான் சொல்வான். நீ இருந்திருந்தால், ஏத்துக்க மாட்டியே என்று சிரித்திருப்பாய்.

போன ஞாயிறும் போனோம். மறுபடியும் தூக்கைக் கொண்டுவர வேண்டும் என்ற பேச்சு எழுந்திருக்கிறது. வானொலியில் தினமும் அதுதான். பள்ளி விவாதத்துக்கு அந்தத் தலைப்பு வந்ததும் அதனால்தான். இந்தப் பேச்சு வந்தால் அவன் சாப்பிடுவதை விட்டுவிடுகிறான். எலும்பு தெரிய இளைத்திருந்தான். தோட்டத்துக்குத் திரும்பி, லயத்து வாசலில் அந்த அம்மாவைக் கைபிடித்து ஏற்றினேன். அப்போது அவர் கேட்டார்.

"நெசமா தூக்கப் போறாங்களா டீச்சர்?"

இல்லை என்று சொல்ல எனக்கு ஆசையாக இருந்தது. அந்தச் சொல் நாக்கு வரை வந்துவிட்டது.

"தெரியாதும்மா. ஒவ்வொரு ஆட்சியிலயும் பேசுறாங்க. இதுவரைக்கும் செய்யல. இனியும் செய்ய மாட்டாங்கன்னு என்னால சொல்ல முடியாது."

அவர் தலையாட்டினார். "ரேடியோவுல கேக்க முந்தி எனக்குத் தெரியணும்."

"தெரிஞ்சா நானே வந்து சொல்றேன்."

பக்கத்து வாசலில் அந்தப் பெண் துணி பிழிந்துகொண்டிருந்தாள். இவ்வளவு காலமும் என்னோடு ஒரு வார்த்தை பேசாதவள். பிழிவதை நிறுத்தாமல் சொன்னாள்.

"எனக்கும் சொல்லணும். அவங்களுக்கு மொதல்ல சொல்லிட்டு, எனக்கு ஆராச்சும் பொறகு வந்து சொல்றது வேணாம். ஒரே நேரத்துல வந்து சொல்லணும்."

சரி என்றேன். அந்த அம்மா அவளைப் பார்த்தார். அவள் துணியை உதறிக் கொடியில் போட்டாள்.

இன்றைய போட்டியில், தண்டனை குற்றத்தைக் குறைக்கும் என்ற அணிக்குத்தான் நான் வெற்றி கொடுத்தேன். அவர்கள் நன்றாகப் பேசினார்கள். எதிரணிக்கு என் கட்சியைக்கூடச் சரியாகச் சொல்லத் தெரியவில்லை. மாணவிகள் வந்து, "டீச்சர், உங்க கருத்து என்ன?" என்று கேட்டார்கள். சான்று இல்லை என்று வழக்கமாகச் சொல்வதைச் சொன்னேன். அது உண்மைதான். ஆனால் என்னிடம் இருப்பது அது மட்டுமல்ல.

ஒரு செய்தி வந்தால் அதை இரண்டு வாசல்களுக்குக் கொண்டுபோக வேண்டும். ஒரு வாசல் அதற்குப் பயந்துகொண்டிருக்கிறது, மற்றது அதற்காகக் காத்துக்கொண்டிருக்கிறது. இரண்டிலும் ஒரே சொல்லை, கூட்டாமல் குறைக்காமல், ஒரே குரலில் சொல்ல வேண்டும். நீ அதைத் தொழிலாகச் செய்தாய். எனக்குப் பழக்கமில்லை. எந்த வாசல் பக்கம் முகத்தைத் திருப்பி நிற்பது என்பதுகூட இன்னும் தெரியவில்லை. போவேன் என்பது மட்டும் தெரியும்.